கார் டயர்களின் இடமாற்றமும் மாற்றீடும்

டயர் இடமாற்றம் என்பது ஒரு காரின் சக்கரங்களைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கழற்றி, முன்னால் இருப்பதைப் பின்னாலும் பின்னால் இருப்பதை முன்னாலும் ஓர் ஒழுங்கின்படி மாட்டுவதாகும். டயர் கடைகளில் இதை 'டயர் ரொட்டேஷன்' என்றே சொல்வர். டயர் மாற்றீடு என்பது தேய்ந்த அல்லது காலங்கடந்த டயரைக் கழித்துவிட்டுப் புதியது போடுவது. இரண்டும் வெவ்வேறு வேலைகள் போலத் தோன்றினாலும் ஒன்றின் கணக்கு மற்றொன்றைச் சார்ந்தே இருக்கிறது. 'இடம் மாற்றினால் டயர் அதிக நாள் உழைக்கும்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. இடமாற்றத்தால் டயரில் ஒரு மில்லிமீட்டர் ரப்பர்கூடக் கூடுவதில்லை. அது தேய்மானத்தை நான்கு டயர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பங்கீடு யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பது கார் ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

கீரிப்பாறை வழியில் ஒரு டயர்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள கீரிப்பாறை ரப்பர் விளையும் ஊர். நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசின் அரசு ரப்பர் கழகத்துக்கு (1984) இங்கே தோட்டங்கள் உள்ளன. மணலோடை, சிற்றாறு, கோதையாறு ஆகியவை அக்கழகத்தின் மற்றத் தோட்டப் பகுதிகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இத்தோட்டங்களில் பால்வெட்டு வேலையில் அமர்த்தப்பட்டன. இந்தியாவில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை வாங்குவது டயர்த் தொழில்தான். ஆக, இங்கு மரத்தில் வடியும் பால், ஷீட்டாகவும் கட்டி ரப்பராகவும் மாறி வெளியே போய், டயராக இதே சாலைக்குத் திரும்பி வருகிறது என்று சொன்னால் மிகையாகாது. (செறிவூட்டிய ரப்பர் பால் டயருக்குப் போவதில்லை, அது கையுறை, பலூன், நுரைமெத்தை போன்றவற்றுக்குப் போகிறது.)

டயரைப் பற்றி விளக்குவதற்குக் கீரிப்பாறை நல்ல எடுத்துக்காட்டாவது ரப்பர் விளைவதால் மட்டுமன்று. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இம்மாவட்டத்தில் பெய்கின்றன. ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இடையில் கோடைமழையும் உண்டு. ரப்பர் மரத்துக்கு ஏற்ற இந்த ஈரம் டயருக்குச் சோதனையாகிறது. தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறைக்கும், அங்கிருந்து காளிகேசத்துக்கும் செல்லும் சாலையில் வளைவும் ஏற்ற இறக்கமும் மர நிழலும் அதிகம். நிழல் விழும் இடத்தில் தார்ச்சாலை எளிதில் காய்வதில்லை. குளிர்காலத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது, நனைந்த சருகு சாலையில் ஒட்டிக்கிடக்கும். அதே கார் நாகர்கோவிலைத் தாண்டிக் காவல்கிணறு வழியாகத் திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் ஏறினால், அங்கே கேட்கப்படுவது வேகமும் வெப்பம் தாங்கும் திறனும். ஒரே டயர் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

டயர் தேய்வதும் முதிர்வதும்

கார் டயர் முழுவதும் ஒரே ரப்பர் அன்று. சாலையைத் தொடும் மேற்பரப்பில் செயற்கை ரப்பர் மிகுதியாக இருக்கும். ஓயாமல் வளைந்து நிமிரும் பக்கச்சுவரிலும் உள்ளிருக்கும் இழைகளையும் எஃகுக் கம்பிகளையும் பற்றிக்கொள்ளும் அடுக்குகளிலும் இயற்கை ரப்பர் மிகுதி. இழுபடும்போது இயற்கை ரப்பரின் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கிழிபடாமல் எதிர்த்து நிற்கும். வளைந்து நிமிரும்போது அதில் எழும் சூடும் குறைவு. பெரும் பாரம் சுமக்கும் லாரி டயரிலும் தரையிறங்கும் விமானத்தின் டயரிலும் இயற்கை ரப்பரின் பங்கு கார் டயரைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது. அது அழகுக்காகச் சேர்ப்பதன்று. தேய்மானத்தைத் தாங்கவும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கவும் சேர்க்கப்படுகிறது.

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். டயர்த் தொழில் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த ரப்பர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிசனும் ஓசோனும் அதைத் தாக்குகின்றன. ரப்பர் மெல்ல இறுகுகிறது. பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. இதைத் தடுக்க டயரில் மெழுகும் வேதிப் பொருள்களும் கலக்கப்பட்டுள்ளன. டயர் ஓடி, வளைந்து நிமிரும்போது இவை மேற்பரப்புக்குக் கசிந்துவந்து காப்புப் படலமாகப் படிகின்றன. மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தியே வைக்கப்பட்ட காரின் டயர், ஓடாமலே வெடிப்பு விடுவது இதனால்தான். வெளிநாட்டிலிருப்பவர்கள் ஊரில் நிறுத்திவிட்டுப் போகும் கார்களில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

எனவே ஒரு டயருக்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று கிலோமீட்டரில் ஓடுகிறது. மற்றது ஆண்டுகளில் ஓடுகிறது. இடமாற்றம் முதல் கடிகாரத்தோடு மட்டுமே தொடர்புடையது.

முன் டயர் ஏன் முந்துகிறது

இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சின், கியர்ப்பெட்டி இரண்டின் எடையும் முன்னச்சின் மேல் இருக்கிறது. வண்டியை இழுப்பது முன்சக்கரம், திருப்புவதும் அதுதான். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையிலும் பெரும்பங்கு அதற்கே. பின்சக்கரம் பெரும்பாலும் கூடவே உருண்டு வருகிறது. மலைச் சாலையில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும். இறக்கத்தில் முன்டயர் மேலும் அழுத்தம் வாங்கும்; வளைவுகளில் அதன் விளிம்புகள் உரசித் தேயும்.

சில வேன்கள், பழைய அம்பாசடர், பல ஜீப் வகை வண்டிகள் பின்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் இழுப்பதும் திருப்புவதும் வெவ்வேறு சக்கரங்களின் வேலை. தேய்மானமும் வேறு வகையாக அமையும்.

இடமாற்றும் ஒழுங்குகள்

முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் இரண்டும் அதே பக்கமாக நேரே பின்னால் போகும். பின் டயர்கள் குறுக்காக முன்னால் வரும். அதாவது பின் இடது, முன் வலதுக்கும் பின் வலது, முன் இடதுக்கும் வரும். பின்சக்கர இயக்கத்தில் இது தலைகீழ்: பின்னால் இருப்பவை நேரே முன்னால் வரும், முன்னால் இருப்பவை குறுக்காகப் பின்னால் போகும். நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கும் இம்முறையையோ, நான்கையும் குறுக்காக மாற்றும் முறையையோ தயாரிப்பாளர் குறிப்பிடுவார்.

எல்லா டயரையும் குறுக்காக மாற்ற முடியாது. ஒரே திசையில் மட்டும் சுழலும்படி வார்க்கப்பட்ட டயர்களின் பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கும். அவற்றை அதே பக்கத்திலேயே முன்பின்னாக மட்டும் மாற்றலாம். உட்பக்கம், வெளிப்பக்கம் என்று குறிக்கப்பட்டவற்றை எந்த இடத்துக்கும் கொண்டுபோகலாம். வெளிப்பக்கம் வெளியே தெரிந்தால் போதும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் கொண்ட விலையுயர்ந்த கார்களில் முன்பின் மாற்றமே இயலாது. ரேடியல் டயர் புதிதாக வந்த காலத்தில் 'பக்கம் மாற்றவே கூடாது' என்றொரு விதி சொல்லப்பட்டது. அம்புக்குறி இல்லாத இன்றைய டயர்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகள் சிலர் இன்றும் அதைச் சொல்லக் கேட்கலாம்.

இடைவெளி பொதுவாக 8,000 முதல் 10,000 கிலோமீட்டர். காருடன் தரப்படும் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. சக்கரத்தை மீண்டும் மாட்டும்போது நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக, நட்சத்திர வடிவில் முறுக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் சரிபார்க்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு காற்றழுத்தம் குறிக்கப்பட்ட காராயின் இடம் மாற்றியவுடன் காற்றையும் மாற்ற வேண்டும். அழுத்தம் காட்டும் உணரி உள்ள கார்களில் எந்த உணரி எங்கே இருக்கிறது என்பதை மறுபடியும் பதிய வேண்டியிருக்கலாம்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியது

இடமாற்றத்தில் ஒரு தீங்கும் உண்டு: அது நோயின் அறிகுறியை மறைத்துவிடும். ஒரு டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பது அந்தச் சக்கரத்தின் நிலையைச் சொல்லும் ஏடு. படிக்காமல் இடம் மாற்றினால், ஏடு வேறிடத்துக்குப் போய்விடும். கோளாறு அங்கேயே இருந்து அடுத்த டயரைத் தின்னும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக இருந்தால் காற்று குறைவு. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வோ நேர்மையோ தவறியிருக்கிறது. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாகவும் மறுபக்கமாகத் தடவினால் அரம் போலவும் இருந்தால் அதுவும் அலைன்மென்ட் குறைதான். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம். பேலன்சிங்கும் பார்க்க வேண்டும். கல்லும் பள்ளமும் நிறைந்த தோட்டச் சாலைகளில் ஓடும் காருக்கு ஒரே மோதலில் அலைன்மென்ட் தவறுவது இயல்பு. நல்ல டயர் கடையில் முதலில் டயரைப் பார்ப்பார்கள், பிறகே ஜாக்கி போடுவார்கள்.

ஒரு கணக்கு

புதிய கார் டயரின் வரிப்பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் என்று கொள்வோம். மழை மிகுந்த ஊராகையால் 3 மில்லிமீட்டர் மிஞ்சும்போது கழிப்பதாக முடிவு செய்தால், பயன்படுத்தக் கிடைப்பது 5 மில்லிமீட்டர். முன் டயர் 8,000 கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டரும் பின் டயர் அதே தூரத்துக்கு அரை மில்லிமீட்டரும் தேய்வதாக வைத்துக்கொள்வோம். (இது விளக்கத்துக்கான எடுத்துக்காட்டு, காருக்குக் கார், ஓட்டுபவருக்கு ஓட்டுபவர் மாறும்.)

இடமே மாற்றாவிட்டால் 40,000 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் முடிந்துவிடும். அப்போது பின் டயர்களில் 5.5 மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கும். 'நான்கையும் சேர்த்து மாற்றிவிடலாம்' என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டால், பின் டயர்களில் பயன்படுத்தக்கூடிய ரப்பரில் பாதியைக் கடையில் விட்டு வருவதாக ஆகும்.

8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நான்கு டயர்களும் சராசரியாக முக்கால் மில்லிமீட்டர் வீதம் தேயும். 5 மில்லிமீட்டர் தீர ஏறக்குறைய 53,300 கிலோமீட்டர் ஆகும். நான்கும் ஒன்றாக முடியும். நான்கையும் ஒன்றாக வாங்கலாம்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. இடமே மாற்றாமல், முன்னால் இருக்கும் இரண்டு முடிந்ததும் அவற்றைக் கழித்து, பின்னால் இருப்பவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, புதிய இரண்டைப் பின்னால் போடுவது. இதையே தொடர்ந்து செய்தால், தொடக்கச் சுற்றுகள் கழிந்த பின் ஏறக்குறைய 26,700 கிலோமீட்டருக்கு ஒருமுறை இரண்டு டயர் என்று நிலைபெறும். 53,300 கிலோமீட்டருக்கு நான்கு டயர். இடமாற்றத்தில் வந்த அதே கணக்குதான்!

நான்கு சக்கரங்களும் சேர்ந்து 8,000 கிலோமீட்டரில் 3 மில்லிமீட்டர் ரப்பரைச் செலவிடுகின்றன. எந்த வரிசையில் மாட்டினாலும் அந்தச் செலவு மாறாது. இடமாற்றத்தால் கிடைப்பது வேறு: நான்கு டயர்களுக்கும் ஏறக்குறைய ஒரே பிடிப்பு இருக்கும், விளிம்புத் தேய்மானம் ஒரே இடத்தில் முற்றாது, பிரேக்கும் அலைன்மென்டும் அடிக்கடி கண்ணில் படும், நான்கும் ஒரே வயதாக, ஒரே வகையாக இருக்கும். இரண்டிரண்டாக வாங்கும் வழியில் கிடைப்பது, ஒரே தடவையில் பெரிய தொகை செலவாகாமல் இருப்பது. மாதச் சம்பளத்தில் கார் வைத்திருப்பவருக்கு இது சிறிய காரியமன்று.

இப்போது இரண்டாவது கடிகாரத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். கீரிப்பாறைப் பகுதியிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவரின் கார் நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடினால் 15,000 கிலோமீட்டர். அந்தக் காரின் டயர் மூன்றரை ஆண்டில் தேய்ந்தே முடியும். முதிர்வதற்கு நேரமே இல்லை. இவருக்கு ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை இடமாற்றம் நன்கு பயன்படும். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும் காரில், இடம் மாற்றிவந்தால் நான்கும் ஆறரை ஆண்டை ஒட்டி முடியும். தேய்மானமும் வயதும் ஏறக்குறைய சேர்ந்தே வந்து நிற்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுத்து, ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டும் ஓய்வுபெற்றவரின் காரில், முன் டயர்கூட 3 மில்லிமீட்டருக்கு வரப் பத்து ஆண்டாகும். அதற்குள் வயதே நான்கையும் கழித்துவிடும். அவருக்கு இடமாற்றத்தால் ஒரு டயரும் மிச்சமாகாது. அவர் பார்க்க வேண்டியது காற்றையும் வெடிப்பையும் தயாரிப்புத் தேதியையும்தான்.

புதிய இரண்டு எந்தப் பக்கம்

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கும்போது அவற்றை முன்னால் போடுவதே ஊர்வழக்கம். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம் என்பதால் நல்லதை அங்கே போட வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே படும். லாரிகளில் புதிய டயரை முன்னாலும் ரீட்ரெட் செய்ததைப் பின்னாலும் போடும் பழக்கத்திலிருந்தும் இது வந்திருக்கலாம். லாரியின் பின்னால் இரட்டைச் சக்கரங்கள். ஒன்று வெடித்தாலும் மற்றொன்று தாங்கும். காரில் அந்த வசதி இல்லை.

டயர்த் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது இதற்கு நேர்மாறானது: முன்சக்கர இயக்கமானாலும் பின்சக்கர இயக்கமானாலும், புதிய இரண்டும் பின்னால்தான். காரணம் மழை. ஈரச் சாலையில் வரிப்பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளியாக வேண்டும். ஆழம் குறைந்த டயரால் அதைச் செய்ய முடியாதபோது, டயருக்கும் சாலைக்கும் இடையே தண்ணீர் புகுந்து, டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். தேய்ந்த டயர் முன்னால் இருந்து அது மிதந்தால், ஸ்டியரிங் லேசாகிப்போய், கார் வளையாமல் நேரே போகப் பார்க்கும். ஓட்டுபவருக்கு அது கையிலேயே தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்ப வாய்ப்புண்டு. தேய்ந்த டயர் பின்னால் இருந்து அது மிதந்தால், முன்பக்கம் சாலையைப் பற்றியிருக்கப் பின்பக்கம் மட்டும் வழுக்கி, கார் தட்டாமாலை சுற்றிவிடும். இது முன்னறிவிப்பில்லாமல் நேரும். பதறிக் காலை எடுத்தாலோ பிரேக் மிதித்தாலோ இன்னும் மோசமாகும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள கார்களில் இந்த ஆபத்து குறையும், அடியோடு நீங்காது.

காற்றழுத்தத்துக்கும் இதில் பங்குண்டு. 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்ட தொடர்பின்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். அந்தச் சூத்திரத்தில் 33 பி.எஸ்.ஐ. போட்டால் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டர் வருகிறது; 24 பி.எஸ்.ஐ. போட்டால் 82 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அது வரிப்பள்ளம் பயன்படாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும் நிலைக்கான கணக்கு. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு அதுதான். நான்குவழிச் சாலையில் ஐப்பசி மழையில் 80, 90 வேகம் யாருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை.

இதிலிருந்து இடமாற்றத்தைப் பற்றியே ஒரு முடிவு கிடைக்கிறது. காலத்தில் செய்தால், முன்னிருந்து பின்னுக்குப் போகும் டயர் அரை மில்லிமீட்டர்தான் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், அதனால் கெடுதலில்லை. நான்கு ஆண்டு மறந்திருந்துவிட்டு, 40,000 கிலோமீட்டரில் நினைவு வந்து இடம் மாற்றினால், 3 மில்லிமீட்டர் டயர் பின்னாலும் 5.5 மில்லிமீட்டர் டயர் முன்னாலும் வந்து நிற்கும். சேமிக்க நினைத்துச் செய்த வேலை, மழைக்காலத்தில் மிக ஆபத்தான அமைப்பை உண்டாக்கிவிடும். அந்த நிலைக்கு வந்த காருக்கு இடமாற்றம் வேண்டாம். தேய்ந்த இரண்டைக் கழித்துவிட்டு மேலே சொன்ன மூன்றாவது வழிக்குப் போவதே சரி. அவ்வழியில் பின்னால் போட்ட புதிய டயரை, 'முன்னால் இருப்பது தேய்கிறதே' என்று இடையில் முன்னுக்குக் கொண்டுவருவதும் கூடாது.

கழிக்கும் நேரம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 94ஆம் விதிப்படி, கார் டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களுக்கு 0.8 மில்லிமீட்டர். கருவி இல்லாமலே இதைப் பார்க்கலாம். டயரின் முக்கியப் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். பக்கச்சுவரில் சிறு முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர் வந்துவிட்டது என்று பொருள். அது சட்டத்தின் எல்லை. ஈரச் சாலையில் நிறுத்தும் தூரம் அதற்கு முன்பே, 3 மில்லிமீட்டர் அளவிலேயே நன்றாகக் கூடத் தொடங்கிவிடும். மொட்டை டயராகும் வரை ஓட்டுவது வறண்ட ஊரில்கூடத் தவறு. கீரிப்பாறை போன்ற ஊரில் பருவமழைக்கு முன்பே முடிவெடுப்பது நல்லது. ஒரு பல்குத்தியையும் பள்ளிக்கூட அளவுகோலையும் கொண்டு உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும். உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

வயதை அறியப் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் போதும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில கார்த் தயாரிப்பாளர்கள் தேய்மானம் எப்படியிருந்தாலும் 6 ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள்; டயர்த் தயாரிப்பாளர்கள் பலர் 10 ஆண்டை இறுதி எல்லையாகச் சொல்கிறார்கள். 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் கழற்றிச் சோதிப்பது முறை. புதிய டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குவது வாங்குபவரின் உரிமை. கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

தேய்மானமும் வயதும் இல்லாமலே கழிக்க வேண்டிய டயர்களும் உண்டு. பக்கச்சுவரில் புடைப்பு வந்தால் உள்ளிழை அறுந்திருக்கிறது. அன்றே மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் வெட்டு விழுந்தால் பஞ்சர் ஒட்டி ஓட்டக் கூடாது. மேற்பரப்பில் ஆணி ஏறிய பஞ்சரை உள்ளிருந்து ஒட்டிச் சரிசெய்யலாம்.

மாற்றும்போது ஒரே அச்சில் உள்ள இரண்டும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். 185/65 ஆர்15 88எச் என்று எழுதியிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரேடியல் வகை, 15 அங்குலச் சக்கரம், ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ, தாங்கும் வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். தோற்றத்துக்காக அகல டயர் போடுபவர்கள் பின்னிரண்டு எண்களைப் பார்ப்பதில்லை. தாங்கும் எடையோ வேகமோ கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது.

ஸ்டெப்னி

காரின் பின்னால் படுத்திருக்கும் ஐந்தாவது சக்கரம் மற்ற நான்கின் அதே அளவாக இருந்தால் அதையும் இடமாற்றத்தில் சேர்க்கலாம். அப்போது கிலோமீட்டர் ஐந்து டயருக்குப் பங்காகும். முக்கியமாக, ஓடாமலே முதிர்ந்து வீணாகும் டயர் ஒன்று பயன்பாட்டுக்கு வரும். பல கார்களில் இன்று ஸ்டெப்னி சற்றுச் சிறியதாகத் தரப்படுகிறது; அது தற்காலிகத்துக்கு மட்டுமே, சுற்றில் சேராது. 2020இல் வந்த விதித் திருத்தத்தின்படி, டியூப் இல்லாத டயரும் காற்றழுத்த உணரியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. மலையோரத்தில் வசிப்பவர்கள் கார் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. கூர்ங்கல் பக்கச்சுவரைக் கிழித்தால் அந்தப் பெட்டி உதவாது. காளிகேசம் வழியில் இரவில் பஞ்சர் கடையும் திறந்திருக்காது.

காற்று

இடமாற்றத்தைவிடக் காற்றுதான் டயரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியுள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது, மாதம் இருமுறையாவது சரிபார்க்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. மாறும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடியிருக்கிறதென்று காற்றை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் நிரப்புவது கெடுதலில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வாரம் ஒருமுறை பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்ப்பவருக்கு அதனால் பெரிய வேறுபாடு இராது.

கழித்த டயர்

கழித்த டயரைக் கடையிலேயே விட்டுவிடுவது முறை. 2022இல் வந்த மத்திய அரசின் விதிகள், பழைய டயர்களை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை டயர்த் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியுள்ளன. லாரி, பேருந்து டயர்களைப் போலக் கார் டயருக்கு ரீட்ரெடிங் இப்போது வழக்கில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போடும் டயரில் மழைநீர் தேங்கும். எப்படிக் கவிழ்த்தாலும் முழுவதும் வடியாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய சிறு தேக்கங்களில்தான். பால்வெட்டு இல்லாத மழைநாள்களில் மரத்திலிருக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கும்படி ரப்பர் தோட்டங்களில் சுகாதாரத் துறையினர் சொல்வதும் இதே காரணத்துக்காகவே. ஊஞ்சலுக்கோ செடி வளர்க்கவோ பழைய டயரை வைத்துக்கொள்பவர்கள், அடிப்பக்கத்தில் நாலைந்து துளைகள் போட்டு நீர் வடியவிட வேண்டும். எரிக்கவே கூடாது.